டி.வி.யில் சொன்ன ஐம்பது அடி

ஆளுங்கட்சி உடைந்து புதுக்கட்சி பிறந்த வருஷத்தில் எங்கள் குப்பத்தில் உடையாமல் மிஞ்சியது எதுவும் இல்லை. கட்சிகளின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. எந்தப் பெயரை முதலில் சொன்னாய் என்று அதற்கும் ஒரு சண்டை வரும். கட்சிப் படிப்பகத்தை நடுவில் தட்டி கட்டிப் பிரித்தார்கள். பெஞ்சு ஒரு பக்கம் போயிற்று, பேப்பர் இன்னொரு பக்கம் போயிற்று. ஒரு கோஷ்டி நின்றுகொண்டே படித்தது, இன்னொரு கோஷ்டி உட்கார்ந்துகொண்டு சும்மா இருந்தது. ஆறு மாசம் இப்படியே ஓடிற்று. யாருக்கும் வெட்கம் வரவில்லை.

என் கணவர் தண்டபாணி ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர். என் அண்ணன் கோதண்டம், ஹார்பரில் மூட்டை தூக்குகிற வின்ச் ஓட்டுகிறவர், புதுக்கட்சியின் கிளைச் செயலாளர். இரண்டு பேரும் ஒரே கட்சியில் இருந்தவரை ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். இப்போது ஒருவருக்கொருவர் சேதி சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் சொல்வார்கள். "உன் அண்ணங்கிட்ட சொல்லு" என்பார் இவர். "உன் வூட்டுக்காரன் கைல சொல்லு" என்பார் அவர். நான் பால்வாடியில் முப்பத்திரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். அவை சண்டை போட்டால் பத்து நிமிஷத்தில் மறந்துவிடும். இந்த இரண்டு பேருக்கும் அந்தப் புத்திகூட இல்லை.

எனக்கு எந்தக் கட்சியும் வேண்டாம். எனக்கு வேண்டியது கல். லாரியில் கொண்டுவந்து, அலையைத் தடுக்கக் கரையில் கொட்டுகிற கருங்கல்.

திருவொற்றியூரில் எங்கள் குப்பத்தைக் கடல் தின்றுகொண்டிருந்தது. தெற்கே ஹார்பர் கட்டின நாளிலிருந்து வடக்கே மணல் நிற்பதில்லை என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். காரணம் எதுவோ, போன ஐப்பசியில் முதல் வரிசை வீடுகள் பதினொன்றும் போய்விட்டன. இரண்டாவது வரிசையில் இருந்த நாங்கள் முதல் வரிசைக்கு வந்தோம். எங்கள் வாழ்க்கையில் நடந்த ஒரே முன்னேற்றம் அதுதான். என் சமையலறைப் பின்கதவைத் திறந்தால் கொஞ்சம் மண்தரை, அதற்கப்புறம் மண் முறிந்து ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக இறங்கும், கீழே அலை. அந்த வீட்டை இவர் கட்டுமரத்தில் போன காலத்தில் ஆறு வருஷம் உழைத்துக் கட்டினார். செங்கல் சுவர், ஓட்டுக் கூரை. செங்கல்லை நானும்தான் சுமந்தேன். கட்சிப் பதவி வந்த பிறகு இவர் கடலுக்குப் போவதை விட்டுவிட்டார். மூன்று வருஷமாகக் கட்டுமரத்தில் கால் வைக்கவில்லை. கூட்டம், ஊர்வலம், மனு, மறுபடி கூட்டம்.

மனு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என் தலையெழுத்து அங்கேதான் சிக்கியிருந்தது. எங்கள் குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு. சர்க்காருக்கு மனு போனால் ஊர் முழுக்க ஒரே மனுவாகத்தான் போக வேண்டும். எல்லையம்மன் கோயில் வாசலில் கூடி, எல்லா வீட்டிலிருந்தும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து அனுப்புவோம். கட்சி உடைந்ததும் முதல்முறையாக இரண்டு மனு போயிற்று. கல்லைத் தெற்கிலிருந்து கொட்டிக்கொண்டு வர வேண்டும் என்று இவருடைய மனு, ஏனென்றால் ஆளுங்கட்சிக் கொடிக்கம்பம் தெற்கே இருக்கிறது. வடக்கிலிருந்து கொட்ட வேண்டும் என்று அண்ணனுடைய மனு, ஏனென்றால் புதுக்கட்சிக் கம்பம் வடக்கே. இரண்டு கம்பத்துக்கும் நட்டநடுவில் என் வீடு. சர்க்கார் இன்ஜினீயர் இரண்டு மனுவையும் பார்த்துவிட்டு, "கல் தயாரா இருக்கு. முதல்ல நீங்க ஒரு முடிவுக்கு வந்து ஒரே மனுவா கொண்டாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்த மனுஷனை எப்படிக் குறை சொல்ல முடியும்?

இப்படி இருக்கும்போதுதான் டெலிவிஷன் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. புதுக்கட்சி ஆளுங்கட்சிக்குச் சவாலா என்று ஒரு விவாதம். இரண்டு பக்கமும் பெரிய பேச்சாளர்கள் பேசுவார்கள், கடைசியில் பொதுமக்கள் கேள்வி கேட்கலாம். பொதுமக்களையும் அந்தந்தக் கட்சியே கூட்டிக்கொண்டு வரலாமாம். வட சென்னையிலிருந்து ஆளுங்கட்சி இவரை அனுப்பியது, புதுக்கட்சி அண்ணனை அனுப்பியது. குப்பமே துள்ளிற்று. டி.வி. பார்த்தவர்களே எங்கள் குப்பத்தில் கொஞ்சம் பேர்தான், அதில் தெரியப்போகிறவர்கள் இரண்டு பேர்!

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு அதுதான். இரண்டு துண்டுக் காகிதத்தில் ஒரே கேள்வியை எழுதினேன். எங்கள் குப்பத்தில் கடல் இரண்டு வருஷமாக வீடுகளை அரித்துக்கொண்டு போகிறது, கல் எப்போது கொட்டப்படும் என்று. ஒன்றை இவரிடம் கொடுத்தேன். இன்னொன்றை எடுத்துக்கொண்டு நாலாவது வரிசைக்குப் போய் அண்ணனிடம் கொடுத்தேன். மனுதான் இரண்டாகப் போயிற்று, கேள்வியாவது ஒன்றாக இருக்கட்டும். ஊரே பார்க்கும்போது இரண்டு கட்சிக்காரனும் ஒரே கேள்வியைக் கேட்டால் எந்த மந்திரி பதில் சொல்லாமல் தப்ப முடியும்?

"இன்னாம்மே இது, நான் கேக்கறதுக்கு எங்க வட்டச் செயலாளரு வேற எய்திக் குடுத்துகீறாரே" என்றார் இவர்.

"அத்த அவரையே கேக்கச் சொல்லு. நேத்து அலை வந்து அடுப்ப அணைச்சுதா இல்லியா? சோறு வெந்துச்சா?"

"வேகல."

"அப்போ இத்தத்தான் கேக்கணும். எல்லையம்மன் மேல சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தார். அண்ணனும் செய்தார். அண்ணன் செய்யும்போது, "உன் வூட்டுக்காரனும் இதையேதான் கேக்கப்போறானா?" என்று ஒரு தரம் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டார். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை சாயங்காலம் நிகழ்ச்சி. ஹைரோடு பக்கத்துப் பூங்காவில் முனிசிபாலிட்டி டி.வி. ஒன்று உண்டு. மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருப்பார்கள். வாட்ச்மேன் அப்துல் வஹாப் ஆறரைக்கு வந்து பூட்டைத் திறப்பார். அன்றைக்கு அவர் வந்தபோது பூங்காவில் மண் தெரியவில்லை, அத்தனை தலை. நடுவில் போகிற சிமெண்ட் பாதைக்கு அந்தப் பக்கம் ஆளுங்கட்சி, இந்தப் பக்கம் புதுக்கட்சி. யார் சொல்லி அப்படி உட்கார்ந்தார்களோ. நான் பாதையிலேயே உட்கார்ந்தேன், பக்கத்தில் என் அடுத்த வீட்டுக் குப்பம்மா.

"இந்தா பாருங்க, எவனாவது எவன் மேலயாவது கை வச்சான், பொட்டிய இஸ்து மூடிகினு போய்க்கினே இருப்பேன். அப்பால வாத்தியாரே நைனான்னு வராதீங்க" என்று அப்துல் வஹாப் சாவியை ஆட்டிச் சொன்னார். அன்றைக்கு அந்தப் பூங்காவில் ஒழுங்காகப் பேசினவர் அவர் ஒருத்தர்தான்.

படம் வந்தது. மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் நடுவில் உட்கார்ந்து வணக்கம் சொன்னார். இரண்டு பக்கமும் இரண்டு பேச்சாளர்கள், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வேட்டிக் கரையின் நிறம் தெரியாத கறுப்பு வெள்ளைப் படத்தில் யார் எந்தக் கட்சி என்றே தெரியவில்லை. பேசினபோதும் தெரியவில்லை. ஒருத்தர் துரோகம் என்றார். மற்றவரும் துரோகம் என்றார். நாங்கள் வளர்த்த கிடா என்றார் முதலாமவர். யார் யாரை வளர்த்தது என்று நாட்டுக்கே தெரியும் என்றார் மற்றவர். கட்சியின் முதல் கொடியை முதல்முதலில் ஏற்றினது யார், ஏற்றின நாளில் மழை பெய்ததா இல்லையா, கொடியைத் தைத்த தையற்காரர் இப்போது எந்தப் பக்கம் இருக்கிறார் என்பது வரைக்கும் போயிற்று. பாதைக்கு இரண்டு பக்கமும் கைதட்டல், விசில். டி.வி.க்குள் இருக்கிறவருக்குக் கேட்கும் என்று நினைத்துக்கொண்டு ஒரு ஆள், "அத்த வுடாத தலைவா, அங்கயே புடி!" என்று எழுந்து நின்று கத்தினான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரைமணி நிகழ்ச்சியில் இருபது நிமிஷம் துரோகத்துக்கே போய்விட்டது. ரேஷனில் மண்ணெண்ணெய் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, கடல் வீட்டுக்குள் வருகிறது. அந்தத் தையற்காரர் எந்தப் பக்கம் இருந்தால் எனக்கென்ன?

கடைசியில் கண்ணாடிக்காரர், "பொதுமக்கள் கேள்வி கேட்கலாம்" என்றார். முதலில் புதுக்கட்சியின் முறை. படம் திரும்பியது. வின்ச் ஓட்டுகிற என் அண்ணன், எண்ணெய் வைத்து வாரின தலை, யாரிடமோ இரவல் வாங்கின கோட்டு. பூங்காவே எழுந்துவிட்டது.

"டேய், நம்ம கோதண்டம்டா! மெய்யாலுமே கோதண்டம்டா!"

அண்ணன் காகிதத்தைப் பிரித்தார். நான் எழுதினதை எழுத்து விடாமல் வாசித்தார். கல் எப்போது கொட்டப்படும் என்று முடித்தபோது என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குப்பம்மா என் தொடையில் அடித்து, "கேட்டாண்டி, கேட்டுட்டாண்டி" என்றாள். இன்னும் இவர் ஒருத்தர் கேட்க வேண்டியதுதான் பாக்கி.

ஆளுங்கட்சிப் பேச்சாளர் தொண்டையைக் கனைத்தார். அவருக்குக் குப்பமும் தெரியாது, கடலும் தெரியாது, பாவம். பக்கத்தில் யாரோ அவர் காதில் ஏதோ சொன்னார்கள். உடனே அவர் முகம் மலர்ந்தது. "இது அரசின் மீது வீண்பழி சுமத்தும் முயற்சி. அதே குப்பத்திலிருந்து எங்கள் கிளைச் செயலாளரும் இங்கே வந்திருக்கிறார். அவரே உண்மையைச் சொல்லட்டும்" என்றார்.

படம் என் கணவர் மேல் வந்து நின்றது. சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். பிரித்தார். அதே கேள்வி, அதே எழுத்து. ஆனால் அண்ணன் வாயிலிருந்து வந்த நிமிஷத்திலேயே அது எதிர்க்கட்சிக் கேள்வியாகிவிட்டது. அது இவருக்குப் புரிந்துவிட்டது என்று இவர் முகத்திலேயே எனக்குத் தெரிந்தது, கூடப் பத்து வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேனே. காகிதத்தை மடித்துப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

"அது பொய்ங்க" என்றார். "என் வூடே அங்கதான் கீது. கடலு வூட்லேர்ந்து ஐம்பது அடி அப்பால கீது. ஒரு ஆபத்தும் கெடயாது."

ஆளுங்கட்சிப் பக்கம் விசில் பறந்தது. அரை நிமிஷம்தான். அப்புறம் ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். விசிலடித்தவர்களில் பாதிப் பேர் எங்கள் வரிசைக்காரர்கள்தான்.

"இன்னாடி குணா, உன் வூட்டு அடுப்பத்தான அன்னிக்கு அலை வந்து அணைச்சுது?" என்றாள் குப்பம்மா.

நான் எழுந்து நடந்தேன்.

அன்றைக்கு இவர் வீட்டுக்கு வரவில்லை. வட்டச் செயலாளர் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாராம், அவ்வளவு மரியாதை. மறுநாள் காலையில் நானும் அண்ணனும் இன்ஜினீயரைப் பார்க்கப் போனோம். அவர் எங்களைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரரே ஊரறிய சொல்லிட்டாரே. மேலிடத்திலிருந்து போன் வந்திடுச்சு. ஆபத்தில்லாத இடத்துக்கு ஏன் கல்லுன்னு கேக்கறாங்க. லாரியை எண்ணூர்ப் பக்கம் திருப்பச் சொல்லிட்டாங்க."

"சார், ஒரு நடை வந்து பாருங்க சார்."

"நான் பார்த்து என்னம்மா ஆகப்போகுது? சொன்னவர் மாத்திச் சொல்லணும். எழுத்துல."

திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணன், "அவன் சத்தியத்த மீறினான், அவன் வெளங்குவானா" என்று முனகிக்கொண்டே வந்தார். எனக்கு அவர் மேலும் எரிச்சலாக இருந்தது. "முதல் ஆளா எய்ந்து கேட்டியே, எனுக்காகவா கேட்ட? அவர மடக்கணும்னுதானே கேட்ட?" என்றேன். அண்ணன் எனக்கு முன்னால் வேகமாக நடக்க ஆரம்பித்தார்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். மேளச் சத்தம் கேட்டது. எங்கள் தெருவில் ஊர்வலம் வருகிறது. முன்னால் தவில், நாயனம். நடுவில் என் கணவர், கழுத்தில் மாலை, தோளில் பொன்னாடை. பக்கத்தில் வட்டச் செயலாளர் ஞானதுரை, சிரித்த வாயை மூடாமல். பின்னால் ஐம்பது அறுபது பேர். டி.வி.யில் எதிரியின் வாயை அடைத்த வீரரை வீட்டில் கொண்டுவந்து விடுகிறார்களாம். புதுக்கட்சி ஆட்களும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்துவிட்டார்கள், அண்ணனும் ஓரமாக நின்றார்.

நான் வாசலை மறித்து நின்றேன்.

"ஆரத்தி எடும்மா" என்றார் ஞானதுரை.

"எடுக்கறேன். அதுக்கு முன்னால ஒரு சின்ன வேல கீது. எவ்ளோ தூரம்னு சொன்னாரு இவரு?"

"ஐம்பது அடி!" என்று கூட்டமே கத்தியது.

"அப்ப அளந்து காட்டட்டும். எங்க வூட்டுப் பின்கதவுலேர்ந்து ஐம்பது அடி. அடி மேல அடி வச்சி, எண்ணிகினே போவட்டும். தண்ணி கால்ல படாம ஐம்பது வந்துதுன்னா ஆரத்தி இன்னா, கற்பூரமே ஏத்தறேன்."

"குணா, வாணாம்" என்றார் இவர் மெல்லிய குரலில்.

"ஏன் வாணாம்? டி.வி.ல சொல்லத் தெரிஞ்சுதில்ல?"

அண்ணன் பக்கத்து ஆட்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் இவரை நகர்த்தியது. எனக்காக நகராதவர், எதிர்க்கட்சிக்காரன் சிரித்தால் நகர்ந்துவிடுவார். மாலையும் பொன்னாடையுமாக வீட்டுக்குள் நுழைந்து, சமையலறையைத் தாண்டி, பின்கதவைத் திறந்தார். மொத்தக் கூட்டமும் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்க மண்தரையில் வந்து நெருக்கியடித்து நின்றது, மேளக்காரர்கள் உட்பட.

கதவு நிலையில் குதிகாலை ஊன்றி எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு. ஒன்பதில் தரை முடிந்துவிட்டது. எட்டிப் பார்த்தார். ஒரு நிமிஷம் நின்றார். அங்கேயே திரும்பி, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யார் விட்டார்கள்? "பத்து!" என்று கூட்டம் கத்தியது. கீழே குதித்தார். பன்னிரண்டில் கணுக்கால், இருபதில் முழங்கால். கூட்டம் எண்ணிக்கொண்டே இருந்தது. ஒரு பக்கத்துக்குப் பெருமை, ஒரு பக்கத்துக்குக் கிண்டல், எண்ணுவதில் மட்டும் இரண்டு கட்சியும் ஒற்றுமை. முப்பதில் இடுப்பு. ஒரு அலை வந்து மாலையைக் கழற்றிக்கொண்டு போயிற்று. பொன்னாடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்ததை ஒப்புக்கொள்கிறேன். கடல் அவருக்கு ஒன்றும் பயமில்லை, பிறந்து வளர்ந்த தண்ணீர்தான். கழுத்தளவில் நின்று, "ஐம்பது!" என்று கத்திவிட்டுக் கரைப் பக்கம் திரும்பினார்.

திரும்பினவர் முகம் மாறிவிட்டது.

மூன்று வருஷமாக அவர் தண்ணீரில் நின்று கரையைப் பார்த்ததில்லை. கட்டுமரம் விடுகிறவர்களும் வடக்கே தள்ளித்தான் விடுகிறார்கள். எங்கள் வீட்டுக்கு நேரே கடலில் நின்று பார்த்தவர் அன்றைக்கு அவர் ஒருத்தர்தான். நாங்கள் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்த மண்தரைக்கு அடியில் மண்ணே இல்லை. அலை உள்ளே புகுந்து புகுந்து குடைந்து, பள்ளம் சமையலறைச் சுவருக்கு அடிவரை போயிருந்தது. மேலே இருக்கிறவர்களுக்கு அது தெரியாது.

"நவுருங்க!" என்று கத்தினார். "அல்லாரும் நவுருங்க! அடில ஒண்ணுமே இல்ல!"

அலைச் சத்தத்தில் எங்களுக்குக் கத்துவது மட்டும்தான் கேட்டது. கிளைச் செயலாளர் கையை உயர்த்திக் கத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று ஆளுங்கட்சிக்காரர்களுக்குப் பழக்கம். "வாழ்க!" என்றார்கள். அவர் மறுபடி இரண்டு கையையும் வீசிக் கத்தினார். "வாழ்க! வாழ்க!" தவில்காரர் உற்சாகத்தில் ஒரு தட்டுத் தட்டினார். என் கணவர் தண்ணீரில் தலையிலடித்துக்கொண்டார்.

அண்ணனுக்குத்தான் புரிந்தது. ஹார்பரில் கப்பலிலிருந்து மூட்டை இறக்கும்போது, சத்தத்தில் பேச்சு கேட்காத இடத்தில், கீழே நிற்பவன் கை காட்டுவதை வைத்துத்தான் வின்ச்சை ஓட்ட வேண்டும். இருபது வருஷம் கையைப் பார்த்தே பிழைத்தவர். "டேய், பின்னால போங்கடா!" என்று கூட்டத்துக்குள் பாய்ந்து ஞானதுரையின் இடுப்பைப் பிடித்து இழுத்தார். புதுக்கட்சிக்காரன் வட்டச் செயலாளர் மேல் கை வைத்துவிட்டான்! அவ்வளவுதான். பத்துப் பேர் அண்ணனை அடிக்க வந்தார்கள், அவர்களைத் தடுக்க இன்னும் பத்துப் பேர் வந்தார்கள். அண்ணன் அடி வாங்கிக்கொண்டே பின்னால் போனார், அடிக்கிறவர்களும் அவரை விடாமல் கூடவே போனார்கள். நான் குப்பம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அடிதடியை வேடிக்கை பார்க்க மற்றவர்களும் தெருப்பக்கம் திரும்பினார்கள். எங்கள் ஆட்களைக் காப்பாற்றியது அவர்கள் சண்டைப் புத்திதான், இதை எங்கே போய்ச் சொல்வது?

கடைசி ஆளாகத் தவில்காரர் நகர்ந்த கையோடு மண்தரை முழுசாக இறங்கிற்று. பெரிய சத்தம்கூட இல்லை. அது போனபின் சமையலறைச் சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அடுப்பு, அம்மி, உப்பு ஜாடி எல்லாவற்றோடும் கடலுக்குள் போயிற்று. கோஷம், அடி, வசவு எல்லாம் சட்டென்று நின்றது. உதட்டில் ரத்தத்தோடு அண்ணன் மட்டும், "மாப்ள எங்கடா? மாப்ள எங்க?" என்று கரையோரம் ஓடினார். இவர் தெற்கே கொஞ்சம் தள்ளிக் கரையேறி வந்துகொண்டிருந்தார். என் முன்னால் வந்து நின்றார். எனக்குத் திட்ட வரவில்லை. திட்டுவதற்கு அவ்வளவு இருந்தது.

இருட்டுவதற்குள் ஓடுகளை இறக்கினோம். கதவு, நிலை, ஜன்னல் எல்லாவற்றையும் பெயர்த்து நாலாவது வரிசைக்கு அண்ணன் வீட்டுக்குச் சுமந்தோம். நிலையின் ஒரு முனையை அண்ணன் பிடித்தார், மறுமுனையை இவர் பிடித்தார். பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் மத்தியானம் மிச்சச் சுவரும் போய்விட்டது. ஞானதுரை அந்தப் பக்கமே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஊர் கூடியது. ஒரே மனு. நான்தான் எழுதினேன். கல்லை எங்கிருந்து கொட்டுவது என்று யாரோ ஆரம்பித்தார்கள். நான் பேனாவைத் தூக்கி அந்த ஆள் மேல் எறிந்தேன். அப்புறம் எல்லாரும் வரிசையாக வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

திங்கட்கிழமை மூன்று பேருமாக இன்ஜினீயர் ஆபீசுக்குப் போனோம். அவர் மனுவைப் படித்துவிட்டு இவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதானே டி.வி.யில சொன்னது?"

"ஆமாங்க. பொய் சொன்னேன்."

"அதை எழுதிக் குடுங்க. அப்பதான் நான் மேல அனுப்ப முடியும்."

ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தார். இவர் உட்கார்ந்து எழுதினார். கூட்டத்தில் மணிக்கணக்காகப் பேசுகிற மனுஷனுக்கு நாலு வரி எழுத அரைமணி ஆயிற்று. நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கவும் கஷ்டமாக இருந்தது. என்ன இருந்தாலும் என் புருஷன்.

குமாஸ்தா தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "கதவு எண் போட்டிருக்கீங்க. அந்த வீடு இப்ப இல்லேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இல்லாத வீட்டு நம்பர்ல குடுத்தா இதை எப்படி எடுத்துக்கறது? இருக்கிற விலாசம் போடுங்க."

இவர் பேனாவைப் பிடித்தபடியே இருந்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது. ஆறு வருஷம் உழைத்துக் கட்டின வீட்டின் நம்பர், அதைத் தன் கையாலேயே அடிக்க வேண்டும். அடித்தார். அடித்த இடத்துக்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியாமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் வூட்டு நம்பர போடு" என்றார் அண்ணன், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. "அங்கதான அல்லாரும் குந்திகினு கீறோம்."

இவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"நம்பரு இன்னா மச்சான்?"

எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. இந்த ஒரு கேள்வி அவர் வாயிலிருந்து வருவதற்கு என் வீடு முழுசாகக் கடலுக்குள் போக வேண்டியிருந்தது. அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசத் தயாரானார். விட்டால் இரண்டு பேரும் வேறு எதையாவது ஆரம்பித்துவிடுவார்கள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

"பதினெட்டு" என்று நானே சொன்னேன். "எழுது."